முனிசீபு வேதநாயகம் பிள்ளையவர்களின் அறத்தொண்டு



மாயூரம் வேதநாயகம் பிள்ளையவர்களின் பெயரை அறியாத தமிழர் அரியர். தமிழில் முதல் நாவலை இயற்றியவர் யாவர் என்று வினவின், பள்ளிச் சிறாரும் நொடிப்பொழுதில் விடை பகர்வர். அவ்விடையோடு அவர்தம் அறிவும் நின்றுவிடும். யான் இருபது ஆண்டுகட்கு மேலாக மாணாக்கர்க்குத் தமிழ் பயிற்றி வருகின்றேன். அப்பெரியார் பஞ்ச காலத்தில் தம் கைப்பொருளை ஏன் வாரி வழங்கினார் என்று கேட்ட மாணாக்கன் ஒருவனையும் இதுகாறும் கண்டிலேன். நம் சங்கத்தாரோ, அவர் நம் குடியிற் பிறந்தவர் என்னும் பெருமையை ஆண்டுதோறும் மேடையில் எடுத்துரைத்து மகிழ்கின்றோம். பிறப்பு அவர் ஈட்டிய பொருளன்று. அவர் ஈட்டியது யாது, ஈட்டியதனை யார்க்கு அளித்தார் என்பதனையே ஈண்டு ஒருவாறு கூறப் புகுந்தேன்.

பிள்ளையவர்கள் 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் தோன்றினார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை. தாயார் ஆரோக்கிய மரியம்மை. வேளாண் குடியில் வந்து கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய குடும்பம் அது. தந்தையாரின் நண்பரும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருமாகிய ஒருவரிடத்துத் திருச்சிராப்பள்ளியில் ஆங்கிலம் கற்றார். 1848இல் அவ்வூர் நீதிமன்றத்து ஆவணக் காப்பாளராகவும், 1850இல் மொழிபெயர்ப்பாளராகவும் அமர்ந்து, 1857இல் தரங்கம்பாடிக்கு முனிசீபாக உயர்ந்தார். பின்னர்ச் சீகாழியிலும், அதன்பின் மாயூரத்திலும் அப்பதவியை வகித்தார். மாயூரத்தில் நெடுநாள் வாழ்ந்தமையின் அவ்வூர்ப் பெயர் அவர் பெயரோடு பிரியாது ஒட்டிக்கொண்டது. மாயூரம் இன்று மயிலாடுதுறை என வழங்குகின்றது. 2020 முதல் தனி மாவட்டத்தின் தலைநகருமாயிற்று.

புதுவையினராகிய நமக்கும் அவர் அயலார் அல்லர். தரங்கம்பாடியினின்று காரைக்கால் ஏறத்தாழ ஒரு காதவழியே. அவர் மணவுறவு கொண்டதும் காரைக்காலிலும் நம் புதுவையிலுமாகும். மற்றொரு தொடர்பும் உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் வேதநாயகரின் உயிர்த்தோழர். அம்மகாவித்துவானிடத்தே பாடங் கேட்டவருள் ஒருவர் நம் புதுவைக் கிறித்தவப் புலவர் சவராயலு நாயகர். சைவப் பெரும்புலவர் ஒருவரின் திண்ணையில் கிறித்தவ மாணாக்கன் அமர்ந்து தமிழ் கற்றதும், கிறித்தவ முனிசீபைப் பாட்டுடைத் தலைவராக்கி அச்சைவப் பெரியார் குளத்துக்கோவை பாடியதும் அக்காலத்துச் செய்திகள். இக்காலத்தில் நம் சங்கத்துப் பந்தியில் சைவரும் கிறித்தவரும் இரு வரிசையாய் அமர்வதைக் காணும்போதெல்லாம் அச்செய்திகள் எனக்கு நினைவிற்கு வருகின்றன.

நிற்க. கிறித்தவ நெறியில் பிறர்க்குத் தொண்டு செய்தல் என்பது வழிபாட்டின் புறத்தே நிற்கும் ஒரு நற்செயல் அன்று. வழிபாட்டின் ஒரு கூறேயாகும். இறுதித் தீர்ப்பு நாளில், பசித்தவனுக்கு ஊணும், நாவறண்டவனுக்கு நீரும், ஆடையிலாதவனுக்கு ஆடையும் அளித்தவனை நோக்கி, அவையெல்லாம் தமக்கே அளிக்கப்பட்டன என்று இறைவன் ஏற்றுக்கொள்வான் என மத்தேயு சுவிசேஷம் உரைக்கின்றது. அளித்தவனோ, தான் இறைவனுக்கு அளித்ததாக அறியாதே அளித்தவன். அவ்வறியாமையே அவ்வுவமையின் உயிர் என்பது என் கருத்து. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த வின்சென்ட் தெ பவுல் என்னும் பெரியார், செபவேளையில் நோயாளி ஒருவர் அழைப்பின், செபத்தை விட்டெழுந்து செல்க, அஃது இறைவனை விட்டு இறைவனிடத்தே செல்லுதலாம் எனக் கன்னியர்க்குக் கற்பித்தார். அவர் பெயரால் 1833இல் பாரீசு நகரில் பிரெதரிக் ஓசானாம் என்னும் மாணவரும் அவர்தம் தோழரும் தொடங்கிய சபை, குருமாரல்லாத இல்லறத்தார் ஏழைகளின் வீடுகளுக்கு நேரிற் சென்று உதவுவதற்கென அமைந்தது. வேதநாயகரும் துறவியல்லர், மனைவி மக்களோடு வாழ்ந்தவர், அரசாங்கச் சம்பளம் பெற்றவர். ஆதலின் அவர் தொண்டு எங்கே தொடங்கிற்று என்று தேடுவோர் கோயிலினும் முன்னாக நீதிமன்றத்தைத்தான் நோக்கவேண்டும்.

முனிசீபு என்பவர் நீதிபதிகளுள் கடைப்படியில் நிற்பவர். ஆனால் ஏழையின் வழக்கு முதலில் வந்து சேரும் இடம் அதுவே. வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, சிறு கடன், அடைமானம் ஆகிய இவையே ஒரு குடும்பம் நிற்பதும் வீழ்வதுமாகிய வழக்குகள். அக்காலத்தில் நீதிமன்றப் படியேறுவோன் சேவகன் முதல் எழுத்தன்வரை பலர்க்கும் கைந்நீட்டம் கொடுத்தே உள்ளே புகவேண்டியிருந்தது. வேதநாயகர் 1859இல் வெளியிட்ட நீதிநூலில் கைக்கூலி வாங்குவோரைச் சாடுதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அறநூல் செய்தார் பலர் தமிழில் உளர்; முனிவர் செய்தனர், மன்னர் செய்தனர். நாள்தோறும் நீதிபீடத்தில் அமர்ந்து, கைக்கூலி கண்முன்னே கைமாறக்கூடிய இடத்திலிருந்து அதனைக் கடிந்து நூல் செய்தவர் இவர். இவ்வேற்றுமை சிறிதன்று. கையில் வரக்கூடிய பொருளை விலக்கிய பின்னரே ஒருவன் கையிலுள்ள பொருளை வழங்குவது அறமாகும்.

அவர் கண்ட மற்றொரு குறை மொழியைப் பற்றியது. வாதியும் தமிழன்; பிரதிவாதியும் தமிழன்; சாட்சியும் தமிழன்; வழக்கறிஞரும் தமிழரே. எனினும் மேல்மன்றங்களின் தீர்ப்புக்கள் ஆங்கிலத்தில் இருந்தன. தன் நிலம் எக்காரணத்தால் கைவிட்டுப் போயிற்று என்று அறியாதே ஒருவன் வீடு திரும்புவான். இதனைப் பொறாத வேதநாயகர், 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றத்தார் அளித்த தீர்ப்புக்களைத் தமிழாக்கித் தொகுத்து, சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862இல் வெளிப்படுத்தினார். ஐம்பத்தாறு ஆண்டுத் தீர்ப்புக்களை ஒருவர் தமிழாக்குவதெனின், அலுவல் முடிந்த பின்னர் விளக்கடியில் எத்துணை இரவுகள் கழிந்திருக்கும் என எண்ணிப் பாருங்கள். அந்நூலை இன்று படிப்பார் இலர். படிக்கவேண்டிய தேவையும் இல்லை. அதனை நாவலினும் கீழாக வைப்பார் வைக்க. உழவன் ஒருவனுக்குத் தன் வழக்கின் நியாயத்தைத் தன் மொழியில் அறிந்துகொள்ள வழி திறந்த நூலை யான் அவர்தம் தலையாய தொண்டுகளுள் ஒன்றாகவே எண்ணுகின்றேன். தமிழர் தமிழர்க்காக வழக்காடும் மன்றத்தில் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதிடும் வேடிக்கையைப் பிற்காலத்துத் தம் நாவலிலும் எள்ளி நகையாடியிருக்கின்றார்.

மேலதிகாரியோடு நேர்ந்த மனவேறுபாடும் உடல்நலக் குறைவும் சேர, 1872இல் அலுவலினின்று விலகினார். அப்பொழுது அவர்க்கு வயது 46. அரசாங்க அலுவலை இழந்தோர் மனங்கசந்து மூலையில் அமர்வது உலக இயல்பு. இவரோ மாயூர நகரசபையின் தலைமையை ஏற்று ஊர்ப்பணியில் இறங்கினார். பெண்களின் கல்வியில் அவர்க்கிருந்த ஆர்வம் முன்னரே பெண்மதி மாலை என்னும் நூலாக 1869இல் வெளிவந்திருந்தது. அதனோடு பெண்கல்வியைப் பற்றிய உரைநடையும் எழுதினார். நூலெழுதியதோடு அமையாது மாயூரத்தில் பெண்மக்கட்கெனப் பள்ளியும் நிறுவினார். பெண்ணுக்கு எழுத்தறிவித்தால் குடி கெடும் என்று பெரியோர்களே அஞ்சிய காலம் அது.

நம் புதுவையிலும் அவ்வச்சத்தை எதிர்த்து நின்றார் ஒருவர் உளர். சான்சு நகரத்தினின்று வந்த லூயி சவேனியன் துப்புயி அடிகளார், 1844ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், நாட்டுப் பெண்டிரையே கன்னியராகக் கொண்டு, பெண்களுக்குக் கல்வி புகட்டுதற்கென மரியன்னையின் மாசற்ற இருதயச் சபையை இங்கே தோற்றுவித்தார். அவ்வடிகளார் முசே அடிகளாரோடு சேர்ந்து செய்த தமிழ் பிரெஞ்சு அகராதியை என் போன்ற பண்டிதர்கள் இன்றும் கையாளுகின்றோம். குரு ஒருவர் புதுவையில் செய்ததனை இல்லறத்தார் ஒருவர் மாயூரத்தில் செய்தார் என்பதே ஈண்டு நான் குறிக்க விரும்புவது.

இனி, அவர் வாழ்வின் பெருஞ்சோதனைக்கு வருவோம். 1876இல் மழை பொய்த்தது. அவ்வாண்டு தமிழாண்டுக் கணக்கில் தாது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் தம் பாட்டிமாரிடம் கேட்டுச் சொன்ன கதை அதுவே. சென்னை மாகாணமும், மைசூரும், ஐதராபாத்தும், பம்பாய் மாகாணமும் 1878 வரை வாடின. மாண்டோர் தொகை 50 இலட்சத்துக்கு மேற்பட்டதென்பர். 1877 சனவரி முதல் நாள், தில்லியில் லிட்டன் பிரபு விக்டோரியா அரசியாரை இந்தியப் பேரரசியாக அறிவிக்கும் பெருவிழாவை நடத்திக்கொண்டிருந்தார். அவ்வாண்டின் தொடக்கத்திலே, பஞ்ச நிவாரண வேலை செய்வோன் ஒருவனுக்கு நாட்கூலி ஓர் அணாவும், சற்றேறக்குறைய 450 கிராம் தானியமும் என்று ரிச்சர்ட் டெம்பிள் என்னும் அதிகாரி குறைத்து வகுத்தார். வெயிலில் கல்லுடைக்கும் ஆண்மகனுக்கு அது போதாதென்று சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் வாதாடிய பின்னரே சில மாதங் கழித்து அளவு கூட்டப்பெற்றது.

காவிரிப் பாசனம் உடைமையால் தஞ்சைச் சீமை ஏனைய மாவட்டங்களைப்போல் அடியோடு வறளவில்லை. ஆயினும் வயலில் நெல் விளைந்த அளவிலே ஏழை வயிறு நிரம்புவதில்லை. விலை எங்கே உயர்ந்ததோ அங்கே நெல் சென்றது. உணவு எங்கே உண்டென்று கேள்விப்பட்டனரோ அங்கே மக்கள் வந்தனர். கூலிக்கு உழைத்து அன்றன்று அரிசி வாங்கி உண்ட குடிகள் ஆற்றோரத்தில் இருந்தும் பட்டினி கிடந்தன. கப்பலேறிக் கடல் கடந்தோரும் பலர். நம் புதுவைத் துறையினின்றும் காரைக்கால் துறையினின்றும் ரெயூனியன், மார்த்தினீக், குவாதலூப் முதலிய தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோருடைய வழித்தோன்றல்கள் இன்றும் ஆங்கு வாழ்கின்றனர்.

வேதநாயகர் அப்பொழுது சம்பளமின்றி இருந்தவர். பெருங்குடும்பி. மனைவியரைச் சாவுக்கு ஒருவர்பின் ஒருவராகக் கொடுத்து மறுமணம் புரிந்தவர். வளர்க்கவேண்டிய மக்கள் பலர். இனி வரும் நாள்களுக்கென்று ஒருவர் பொருளைக் காப்பது நேர்மை எனின், அவர் காத்திருந்தாலும் பழிப்பார் இல்லை. அவர் காக்கவில்லை. பசித்து வந்தோர்க்குக் கஞ்சி வார்க்கத் தலைப்பட்டார், வார்த்துக்கொண்டே இருந்தார், தம் பொருளையெல்லாம் அதன்பொருட்டே செலவிட்டார். வந்தோருடைய சாதியும் சமயமும் வினவப்படவில்லை.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். அப்பஞ்சத்தில் தென்னாட்டு மிஷன்கள் பலவற்றில் ஞானஸ்நானம் பெற்றோர் தொகை திடீரெனப் பெருகிற்று. அதனைக் கொண்டு, சோறிட்டு மதம் மாற்றினர் என்பாரும், பசித்தவனைக் கைவிடாத கோயிலை அவனே நாடி வந்தான் என்பாரும் நெடுநாள் வாதிட்டனர். இரு திறத்தாரிடத்தும் உண்மையுண்டு. அவ்வாதத்தை யான் தீர்க்கப் புகவில்லை. வேதநாயகர் செய்ததனை மட்டும் காட்டுவேன். தம் சமயத்தில் அசையாத பற்றுடையவர் அவர். தேவமாதா அந்தாதி, திருவருள் மாலை, திருவருள் அந்தாதி, பெரியநாயகியம்மை பதிகம் எனத் தம் வழிபாட்டைத் தமிழில் பாடி வைத்தவர். அத்தகையவர் தாம் வார்த்த கஞ்சிக்கு அப்பற்றினை விலையாகக் கேட்டிலர். தம் சமயத்தில் ஐயமுடையவன் அவ்வாறு விட்டிருந்தால் வியப்பில்லை. உறுதியுடையவர் விட்டதே வியப்பு. உண்டவன் சைவனாகவே எழுந்து சென்றான். அதனால் இறைவனுக்கு அளித்தது குறைவுபட்டதென்று அவர் எண்ணவில்லை.

தாம் ஒருவர் வார்த்தால் அடங்காத பசி என்பதும் அவர்க்குத் தெரியும். மாயூரத்தை அடுத்துள்ளது திருவாவடுதுறை ஆதீனம். அதன் தலைவர் ஸ்ரீ சுப்பிரமணிய தேசிகர் அப்பஞ்சத்தில் ஏழைகட்கு உணவளித்துக் காத்த வள்ளல். அவரை வேதநாயகர் மனமுவந்து பாடினார். பஞ்சத்தை முதலையாகவும், மக்களுயிரை அம்முதலை பற்றிய யானையாகவும் கொண்டு, அவ்வுயிர்களைக் காக்க வந்தவர் தேசிகர் என்று புகழ்ந்தார். கத்தோலிக்கர் ஒருவர் சைவ மடாதிபதியை வைணவப் புராணக் கதையால் போற்றுகின்றார்! சமயவாதிகள் இதனைக் குழப்பம் என்பர். பசித்தோர் உண்ணுகின்றனர் என்னும் மகிழ்ச்சியில் உவமை எங்கிருந்து வந்ததென்று ஆராய அவர்க்குப் பொழுதில்லை என்றே யான் கொள்வேன். பிறர் செய்யும் அறத்தைப் பொறாமையின்றிப் பாராட்டுவதும் ஒரு தொண்டே. நம் கழகங்களில் அன்னதானம் செய்வார் தொகை குறையவில்லை. அடுத்த தெருவார் செய்த அன்னதானத்தைப் பாராட்டுவார் தொகைதான் குறைந்து வருகின்றது.

வேதநாயகரின் ஈகையையும் பிறர் பாடாமல் விடவில்லை. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை செய்த கோபாலகிருஷ்ண பாரதியார், சிவபத்தியில் தோய்ந்தவர், இக்கிறித்தவரைப் போற்றி ஒரு கீர்த்தனம் இயற்றினார். தில்லைக்குள் புகவேண்டி ஏங்கிய புலைத்தொழிலாளியின் கதையைப் பாடிய வாய் அது. எளியோர் படும் துன்பம் யாதென அவ்வாய்க்குத் தெரியும். ஆதலின் அப்புகழை வேறு புலவர்கள் பொன்னுக்குப் பாடிய புகழோடு சேர்த்து எண்ணலாகாது.

சாதி வினவாமல் கஞ்சி வார்த்தார் என்று மேலே எழுதினேன். சாதிச் சங்கத்து இதழில் இதனை எழுதுங்கால் கை சற்றே தயங்கும். எனினும் எழுதத்தான் வேண்டும். நம் ஊரிலே சம்பாக் கோயில் என வழங்கிய ஆலயத்தின் உள்ளே, உயர்ந்தோர் எனப்பட்டாரையும் தாழ்ந்தோர் எனப்பட்டாரையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1745இல் அச்சுவரைப் பற்றி எழுந்த பூசலை ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கின்றார். சுவரை இடிக்கவேண்டும் என்று வந்து நின்றோர் சேரிக் கிறித்தவர். வருந்தியோர் எக்குடியினர் என்று நான் சொல்லவேண்டுவதில்லை. அச்சுவர் எழுப்பிய கைகளும் நம் குடியினவே. மாயூரத்தில் எல்லார்க்கும் ஒரே கலத்தினின்று கஞ்சி முகந்த கையும் நம் குடியினதே. மேடையில் எக்கையைக் காட்டி நம் முன்னோர் என்பது என்று சங்கத்தார் ஒருமுறை கூடி எண்ணினால் நன்று.

பஞ்சம் தணிந்துகொண்டிருந்த 1878இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் வெளிவந்தன. எச்சமயத்தாரும் தத்தம் கடவுளை நினைந்து பாடலாம்படி, கடவுளை ஒரு சமயப் பெயரால் குறியாது பாடிய பாட்டுக்கள் அவை. பஞ்சத்தின் கொடுமையைச் சொல்லி இறைவனிடத்து முறையிடும் கீர்த்தனங்களும் அத்தொகுதியில் உண்டு. வீணை வாசிக்க வல்லவராதலின் அவரே இசையமைதியும் உணர்ந்து செய்தார். நம் ஊர்க் கச்சேரிகளில் பாடகர் கடைசியில் பாடும் துக்கடாக்களுள் அவர் கீர்த்தனம் ஒன்றேனும் இருப்பது முன்னெல்லாம் வழக்கம். சபையோர் தலையசைப்பர், பாட்டின் பின்னே கிடந்த பட்டினியை நினைப்பார் சிலரே.

அதற்கு மறுவருடம், 1879இல், பிரதாப முதலியார் சரித்திரம் அச்சாயிற்று. பஞ்சத்தின் வெம்மை ஆறாத நாளில் இத்துணை நகைச்சுவை நிறைந்த நூல் எவ்வாறு பிறந்தது என்று யான் வியந்ததுண்டு. சிரிக்கச் செய்வதும் வருந்தினோர்க்குச் செய்யும் உதவி என்று கருதினார் போலும். அந்நூலில் ஆணுடை பூண்டு நாடாளும் ஞானாம்பாளைப் படைத்தவர், மாயூரத்தில் பெண்பள்ளி கண்ட அவரேயன்றோ! பின்னர் 1887இல் சுகுணசுந்தரி சரித்திரம் என்னும் இரண்டாம் நாவலையும் வெளியிட்டார்.

தோழர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் பஞ்சம் தொடங்கிய அந்த 1876ஆம் ஆண்டின் பெப்ருவரி முதல் நாளிலேயே இயற்கை எய்தியிருந்தார். வேதநாயகர் அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் மாயூரத்தில் வாழ்ந்து, 1889 சூலைத் திங்கள் 21ஆம் நாள், தம் 62ஆம் வயதில் உயிர் நீத்தார்.